டீ குடிக்கப் போயிருக்காங்க

அதான் சொல்றேன்ல, அடிக்க மாட்டேன். மூலையில ஒண்டிக்கினு உக்காராதே, இப்படி வா. பேரு இன்னா சொன்னே, ஜெயக்குமாரா? நான் ஏட்டு வீரபத்திரன். ஓ, கேள்விப்பட்டிருக்கியா? தறிக்காரங்க தெரு வரைக்கும் வந்துடுச்சா நம்ம பேரு.

அந்த லத்திய ஏன் பாக்கறே? எஸ்.ஐ. மேஜை மேல வச்சிட்டுப் போனாரு. எல்லாரும் டீ குடிக்கப் போயிருக்காங்க. கதவை வெளிய சாத்தினதும் அவங்கதான். அரை மணி நேரம் உன்னுது வீரபத்திரான்னு சொல்லிட்டுப் போனாங்க.

அழாதேப்பா. கேளு. இந்த ஸ்டேஷன்ல அடிக்கணும்னா என்னைத்தான் கூப்புடுவாங்க. போன மாசம் வடக்கேர்ந்து ஒரு ஜைன சாமியார் வந்தாரு. வாயில வெள்ளைத் துணி கட்டிக்கினு, அவ்ளோ தூரமும் நடந்தே வந்தாராம். எங்களையெல்லாம் அவருகிட்ட ட்ரெய்னிங்குக்கு அனுப்பினாங்க. சேட்டுங்க மண்டபத்துல கண்ணை மூடிக்கினு, நெத்தியில பௌர்ணமி நிலா இருக்குதுன்னு நெனைக்கணும். பாதிப் பேரு குறட்டை. நானும் சாப்பாட்டுக்காகத்தான் உக்காந்தேன். அதுவும் வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு.

உனுக்குக்கூட சிரிப்பு வருதா? வந்தா சிரி.

கடைசி நாள் என்னைக் கூப்புட்டு, அடிக்கறப்போ உன் மூச்சு எங்க இருக்குதுன்னு கேட்டாரு. இன்னாடா கேள்வி இதுன்னு எனுக்குக் கோவம். வீட்டுக்கு வந்து யோசிச்சிப் பாத்தா ஆமாம்பா, கையை ஓங்கறதுக்கு முன்னாடி மூச்சைப் புடிச்சிக்கறேன். ஒவ்வொரு தடவையும். மூச்சு நின்னா கையில இருக்கறதைக் கீழ வச்சிட்டுப் பேசுன்னாரு. பேசணும்னா மூச்சு விட்டுத்தானே ஆவணும்? அதான் பேசிக்கினே இருக்கேன்.

சரி, நீ சொல்லு. தறியில ஏத்தறதுக்கு நூலைத் தெருவுல பாவா நீட்டியிருந்தே. ஒருத்தன் வண்டிய உள்ள வுட்டு இழையெல்லாம் அறுத்துட்டான். எத்தினி பொடவைக்கான பாவு? மூணா? வயிறு எரியத்தான் செய்யும். நிறுத்துடான்னு கேட்டதுக்கு இன்னா சொன்னான்? ம். அவன் வாய் அப்படித்தான். நீ கட்டையால எங்க அடிச்சே? மண்டையில. கீழ விழுந்ததுக்கு அப்புறமுமா?

இரு. ஒண்ணும் பேசாதே.

லத்திய பீரோ அடியில தள்ளிடறேன். ஹா... செரி. உன்னைவிட எனுக்குத்தான் என்னைப் பாத்தா பயமா இருக்குது.

அவன் வாய் எனுக்கு எப்படித் தெரியும்னா கேக்கறே? எம் புள்ளைப்பா அவன். மூத்தவன். அந்த வண்டிய வாங்கிக் குடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரியில இன்னும் கண்ணைத் தொறக்கல. அவங்கம்மாவ அங்க உக்கார வச்சிட்டு நேரா இங்க வரேன்.

ஏய், கால்ல வுழாதே, எழுந்திரு. அதுக்கெல்லாம் நேரம் இல்ல. டீயும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நாலு பேரும் கதவுக்கு வெளியதான் நிக்கறாங்க. எல்லாரும் அவனைத் தோள்ல தூக்கி வளத்தவங்க. உள்ளேர்ந்து சத்தம் வரலைன்னா, பாவம், அப்பனால முடியலன்னு அவங்களே வந்துடுவாங்க. அப்புறம் உன்னை நான் காப்பாத்த முடியாது.

பொய் சொல்லக்கூடாதுன்னும்தான் சாமியார் சொன்னாரு. அதை நான் அவருகிட்ட பேசிக்கறேன். இப்போ நான் இந்த பெஞ்சை ஒதைக்கறேன். நீ கத்துப்பா. நல்லா கத்து.