பச்சைக் கட்டங்கள்

ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது மூளைக்கு நல்லது, ஐயா. நான் கற்றது ஜேக்வெரி. இணையப் பக்கங்களை நாம் சொன்னபடி ஆட்டிவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதில் தேறினால் வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை பார்க்கலாம் என்றார்கள்.

மராகைபோ நகரில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். ஏழு பூட்டிக் கிடக்கின்றன. நாட்டை விட்டுப் போகிறவர்கள், இருப்பவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏழு சாவிகளும் என்னிடம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீடாகத் திறந்து, குழாயைத் திருகிவிட்டு, ஆளில்லாத கூடத்தில் சற்று நிற்பேன். நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வெறுமை தெரியும்.

என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தங்கை யோலெய்டா சிரிப்பாள். "எட்டாவது சாவி என்னோடதுதான், நேரியோ அண்ணே. தொலைச்சிராத."

அவள் மகள் டைமெலிஸுக்கு ஆறு வயது. இதயத்தில் ஓட்டை. குழந்தையின் அப்பா மாட்ரிட்டில் இருந்தார். அங்கே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆகஸ்டைத் தாண்டக்கூடாது என்றார் மருத்துவர். தாய்க்கும் மகளுக்கும் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில், நேரில் போக ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். நாள் இருந்தால் பச்சைக் கட்டம் தெரியும். தெருவில் இணையம் ஒழுங்காக வருவது எங்கள் வீட்டுக் கணினியில் மட்டும்தான்.

"பொத்தானுக்குச் சாயம் பூசினது போதும் அண்ணே. எங்களுக்கு ஒரு நாளப் புடிச்சுக் குடு" என்பாள் யோலெய்டா.

மூன்றாம் பாடம், மறைத்தல். ஒரே வரி. திரையில் இருந்த பூனைப் படத்தை மறைத்துக் காட்டினேன்.

"மாமா, பூனை செத்துப்போச்சா?"

"இல்லடி செல்லம். உள்ளதான் இருக்கு."

மார்ச்சில் பச்சைக் கட்டங்கள் வந்தன. யோலெய்டா குளித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். எங்கள் கூடத்தில் நான் மட்டும் நிற்பது போல் தோன்றியது. எங்கள் கணினியில் அந்தப் பக்கம் திறக்கும்போதெல்லாம் ஓடும்படி நான்கு வரிகள் எழுதினேன். பச்சைக் கட்டத்தைத் தேடு, மறை. முதல் முறையே பிழையில்லாமல் ஓடியது. கற்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஆறு மாதம், தினமும் காலையில் யோலெய்டா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணுகூட விடமாட்டேங்கிறானுங்க அண்ணே, பாவிங்க." நாளைக்கு வரும் என்று சொல்லிக் காப்பி கொடுப்பேன். குழந்தையால் நடக்க முடியாமல் போனபோது தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். செப்டம்பர் நான்காம் தேதி டைமெலிஸ் இறந்தாள். சவப்பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்ததும் நான்தான்.

துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தியின் கைபேசியில் யோலெய்டா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். எல்லாம் பச்சை. நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அடுத்த அறையில் அவள் அழுவது கேட்கிறது.

ஆமாம், அந்த நான்கு வரிகளை எழுதியது நான்தான். குழந்தை பிழைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கோபம் ஆறியதும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். கடவுச்சீட்டு இல்லாமல் எங்கே போய்விடப் போகிறாள்?