பஞ்சில் வந்த நீலப்பூ

கிண்ணம் வாங்குகிறவர்கள் பூவைப் பார்ப்பார்கள். என்னைப் போன்றவர்கள் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் நீங்கள் தேநீர் கொடுத்த கோப்பையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். மன்னியுங்கள், ஐயா.

இந்தக் குவைத்தில் இருபது வருடம் அபூ மிஷாரிக்கு ஆலோசகராக இருந்தேன். அவர் அலமாரியில் இருக்கும் பாரசீகக் கிண்ணங்கள் எல்லாம் நான் சொல்லி வாங்கியவை. எண்ணூறு வருடப் பழசு என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். உண்மையில் அவை பல கிண்ணங்களின் ஓடுகளை ஒட்டி, மேலே புதுப்பூ வரைந்தவை. மோசடி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து அவர் பூரித்துப்போனார்.

பிறகு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைச் சோதிக்கும் சுலாஃபா வந்தாள். அபூ மிஷாரி சேகரிப்பு முழுவதையும் அங்கே கொடுக்கப்போகிறார், வியாழக்கிழமை அவள் வந்து சோதிப்பாள் என்றார்கள். அதிலிருந்து கிழவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தொழிலில் பெயர் போனால் ஆளே போன மாதிரி.

புதன்கிழமை பிற்பகல் கூப்பிட்டார். வேலையாட்கள் அஸர் தொழப் போயிருந்தார்கள். அவர் முன்னால் ஒரு கிண்ணம், புதுச்சாயத்தைக் கரைக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சு. பஞ்சில் நீலம் ஏறியிருந்தது.

"ஜவாத், பழைய பூ பஞ்சுல வராதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. இது வருதேப்பா."

"அழுக்கா இருக்கும், அபூ மிஷாரி."

"அழுக்குதான். இருவது வருஷம் என் உப்பைத் தின்ன அழுக்கு."

சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரை... எடுத்துக் குடு..." மாத்திரைக் குப்பி என் பக்கத்துத் தட்டில் இருந்தது.

பழங்கிண்ணத் தொழிலில் நாங்கள் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை, ஐயா. நழுவினால் யார் பொறுப்பு என்ற சண்டை வரும். ஒருவர் மேசையில் வைத்துக் கையை எடுப்பார். அப்புறம்தான் மற்றவர் தொடுவார். நானும் முறைப்படி மேசையில் வைத்தேன், என் பக்கத்து ஓரத்தில். மூடியை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். அவர் விரல்கள் ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டன. முகம் நீலம் பாரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன்.

பஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்துதான் நீங்கள் எடுத்தீர்கள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அழுதேன். அந்த அழுகை நிஜம்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்று அந்த அறையில் ஒரு கிண்ணத்துக்குக்கூடக் கீறல் விழவில்லை.