ரெண்டு ஆள் காபி

காசிராஜன்: யாரையாச்சும் கூப்பிடுன்னா... இவனையா கூப்பிடுவ?

தங்கச்செல்வி: பின்ன, ரோட்டுல போறவனையா கூப்பிட முடியும்? தம்பி, ஏன் வாசல்லயே நிக்கிறீக? செருப்ப அங்குட்டு விட்டுட்டு நேரா அடுப்படிக்கு வாங்க.

சுந்தரபாண்டி: இல்ல மதினி... கடையில போட்டது போட்டபடி வந்துட்டேன். காரியாபட்டிக்கு மல்லி லோடு ஏத்தணும். என்னமோ அமுக்கணும், ஆள் பத்தலன்னு போன்ல சொன்னீகளே...

தங்கச்செல்வி: இந்தா, இதத்தான் அமுக்கணும். எந்தம்பி சீனிச்சாமி கப்பல்ல சமையல்காரனா இருக்கான்ல? இத்தாலியில வாங்கியாந்தான். எஸ்பிரஸோ காபி போடுற மிசினு.

சுந்தரபாண்டி: ஏயப்பா! அடிபம்பு மாதிரில இருக்கு!

காசிராஜன்: அடிபம்பாம்ல! நம்ம தெரு பம்புல வெறும் காத்துதான் வருது, இதுலயாச்சும் ஏதாவது வருதான்னு பாக்கச் சொல்லு.

தங்கச்செல்வி: யாருகிட்ட சொல்ல?

காசிராஜன்: வந்திருக்கிற ஆளுகிட்ட.

தங்கச்செல்வி: வந்திருக்கிறது உங்க கூடப்பொறந்த தம்பி. காது நல்லாத்தான் கேக்கும்.

சுந்தரபாண்டி: விடுங்க மதினி. ரெண்டு வருசமா பேசாதவுக இன்னைக்குப் பேசிருவாகளாக்கும்? என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க.

காசிராஜன்: கல்யாண வீட்டுல உஸ்ஸுன்னு ஆவியடிச்சு, நுரைக்கு மேல சாக்லேட் பொடி தூவித் தருவானே... அதான இது?

தங்கச்செல்வி: அது வேற. இதுல பாலும் கிடையாது, ஆவியும் கிடையாது. இந்தக் கிண்ணத்துல பொடியப் போட்டு மாட்டி, மேல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, கைப்பிடியத் தூக்கிக் கீழ அமுக்கணும். ஒருத்தர் ஸ்டாண்டப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் அமுக்கணும்.

காசிராஜன்: ஸ்டாண்ட நீ பிடிக்க வேண்டியதுதான?

தங்கச்செல்வி: எனக்குத் தோள்பட்டை வலி.

காசிராஜன்: காலையில லாரித் தண்ணி வந்தப்ப குடம் குடமாத் தூக்குனியே, அப்ப வலிக்கலையா?

தங்கச்செல்வி: அப்பத் தூக்குனதாலதான் இப்ப வலிக்குது. பிடிங்க!

சுந்தரபாண்டி: மதினி, அவுகள இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. ஆடுது.

காசிராஜன்: ஆடுறது ஸ்டாண்டு இல்ல, அமுக்குற கை. அதச் சொல்லு.

தங்கச்செல்வி: அய்ய... மடமடன்னு ஊத்திருச்சே! புளித்தண்ணி மாதிரில இருக்கு. பொடி நறநறன்னு கிடக்குறதால நிக்க மாட்டேங்குது. இருங்க, கூடத்துல போயி மிக்சில இன்னொரு சுத்து விட்டுட்டு வாரேன்.

காசிராஜன்: யே செவரே, உங்கிட்டத்தான் கேக்குறேன்... உங்க வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்னாகளே, இப்பத் தேவலையா?

சுந்தரபாண்டி: செவரே... தேவலைன்னு சொல்லு. பள்ளிக்கூடம் போயிட்டான்.

காசிராஜன்: ம்.

தங்கச்செல்வி: யாரு பேசுனது?

காசிராஜன்: யாரும் பேசல. பொடியக் கொண்டா, நான் அடைக்கிறேன்.

தங்கச்செல்வி: இம்புட்டு இறுக்கியா அமுக்குறது? சரி, தண்ணி ஊத்தியாச்சு. ம், அமுக்குங்க தம்பி.

சுந்தரபாண்டி: அசைய மாட்டேங்குது மதினி.

காசிராஜன்: தள்ளச் சொல்லு அவன. நான் அமுக்குறேன்.

சுந்தரபாண்டி: வேண்டாம்னு சொல்லுங்க. முறுக்கிக்கிட்டு நிக்கிது.

காசிராஜன்: எனக்கே சொல்றானா? கைப்பிடிய விடச் சொல்லு!

தங்கச்செல்வி: ரெண்டு பேரும் ஒரே கைப்பிடியப் பிடிச்சு மல்லுக்கட்டுனா எப்படி...

சுந்தரபாண்டி: அண்ணே! கைய எடுண்ணே!

காசிராஜன்: ஆத்தாடி...

தங்கச்செல்வி: ஐயோ, தண்ணி பூராம் கொட்டிருச்சே! பட்டுருச்சா?

சுந்தரபாண்டி: காட்டுண்ணே. இந்த விரலா? பச்சத் தண்ணியில வை. வைன்னா வை!

காசிராஜன்: ஒண்ணுமில்லடா, லேசாத் தெறிச்சுச்சு. உனக்கு? சட்டையெல்லாம் கறையாப் போச்சே...

சுந்தரபாண்டி: சட்டை கிடக்குது.

தங்கச்செல்வி: ஏங்க...

காசிராஜன்: என்ன?

தங்கச்செல்வி: பேசிட்டீக.

காசிராஜன்: ஆபத்துக்குப் பேசுனதெல்லாம் சேத்தி இல்ல.

சுந்தரபாண்டி: சேத்தியோ இல்லையோ, நான் கேக்கத்தான் போறேன். எம் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு ஏண்ணே வரல?

காசிராஜன்: பத்திரிகையில உம் மாமனார் பேர மேல போட்டு, எம் பேரக் கீழ போட்டேல்ல? உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நானா, அவரா?

சுந்தரபாண்டி: அச்சடிச்சவன் மாத்திப் போட்டுட்டான்ணே. நான் சரக்கு எடுக்கப் போயிட்டு வாரதுக்குள்ள ஊரு பூராம் குடுத்துட்டாக. அன்னைக்குப் பால் பொங்குது, எல்லாரும் குலவை போடுறாக... நான் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

தங்கச்செல்வி: இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு விடியமுன்ன வேட்டி சட்டை மாத்திட்டு எங்க போனீகன்னு சொல்லுங்க.

காசிராஜன்: நீ சும்மா இரு.

தங்கச்செல்வி: உங்க தெரு பிள்ளையார் கோயில் வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்புனாக, தம்பி.

சுந்தரபாண்டி: நெசமாவா, அண்ணே?

காசிராஜன்: குலவைச் சத்தம் கேட்டுச்சுடா. கால் நகரல. ரோசம்... பாழாப்போன ரோசம்.

சுந்தரபாண்டி: இன்னும் நாலு எட்டு வச்சிருந்தா வீடுண்ணே...

காசிராஜன்: தெரியும்டா.

தங்கச்செல்வி: சரி சரி, கண்ணத் தொடைங்க ரெண்டு பேரும். தண்ணி திரும்பக் கொதிச்சாச்சு. பொடிய லேசாத் தட்டி வச்சாப் போதும்.

காசிராஜன்: ஏலே, நீ அமுக்கு. நான் பிடிச்சுக்கிறேன்.

சுந்தரபாண்டி: மெதுவா... வருது வருது... தேன் மாதிரி நூல் பிடிச்சு இறங்குதுண்ணே!

காசிராஜன்: மேல பாரு, செவச்செவன்னு நுரை! அது சரி... இம்புட்டுத்தானா? புள்ளைக்குச் சங்குல மருந்து ஊத்துற அளவுகூட இல்ல?

தங்கச்செல்வி: அம்புட்டுத்தான். குடிச்சுப் பாருங்க.

காசிராஜன்: யப்பா! வேப்பங்கொழுந்து தோத்துச்சு. இந்தா, மிச்சத்த நீ குடி.

சுந்தரபாண்டி: கசக்குது... ஆனா நல்லாருக்குல்ல?

காசிராஜன்: நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடு.

தங்கச்செல்வி: போடுங்க, போடுங்க. நான் முக்கு பூத்துல போயி தம்பி சம்சாரம் தீபலட்சுமிக்கு போன் போட்டு, புள்ளையக் கூட்டிட்டு ராத்திரி இங்கயே சாப்பிட வரச் சொல்லிட்டு வாரேன். அதுக்குள்ள அடுத்த சண்டைய ஆரம்பிச்சுராதீக.

சுந்தரபாண்டி: அண்ணே... மதினி போயிட்டாகளா?

காசிராஜன்: தெருவுல இறங்கிட்டா. ஏன்?

சுந்தரபாண்டி: ஒண்ணு மறைச்சுட்டேன்ணே, கோவிச்சுக்காத. நேத்து இத மதினி எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாக. ஒத்த ஆளா எங்க எல்லாருக்கும் போட்டுக் குடுத்தாக. இதுக்கு ரெண்டு ஆளே வேண்டாம். ‘நாளைக்குக் கூப்பிடுறேன், ஒண்ணும் தெரியாத மாதிரி வந்துருங்க தம்பி’ன்னாக...

காசிராஜன்: மெதுவாப் பேசுலே, திரும்பி வந்துரப் போறா. காலையில அவ குளிக்கப் போன நேரம் நானே ஒத்தக் கையில போட்டுக் குடிச்சு, மிசினக் கழுவித் தொடச்சு வச்சுட்டுத்தான், ‘எனக்குக் கை வலிக்குது, வேற யாரையாச்சும் கூப்பிடு’ன்னு அவகிட்ட சொன்னேன். உன்னய விட்டா அவ யாரக் கூப்பிடுவா?