தையல் பிரியவில்லை

மூணாறில் ஜனவரி மாதம் தண்ணீர் உறைந்துபோகும் என்பது கொச்சிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதில் தப்பில்லை. இங்கே மார்கழியிலும் வேர்க்கிறது. ஈப்பன் முதலாளி தேயிலைத் தரகர், வருஷத்துக்கு நாலைந்து தடவை அந்த மலைக்குப் போகிறவர்தான். ஆனால் அவர் படுப்பது கணப்பு எரியும் அறையில். வெளியே நிற்கிற வண்டிக்கு எவ்வளவு குளிரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த ஐம்பத்தெட்டாம் வருஷ ஜனவரியில் தன் ஸ்போர்ட்ஸ் காரை எஸ்டேட் பங்களா முற்றத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய வண்டி. பச்சை நிறம், இரண்டு பேர்தான் உட்காரலாம். ரேடியேட்டரிலும் என்ஜின் பிளாக்குக்குள்ளும் நிறையத் தண்ணீர் இருந்தது. உறைந்த தண்ணீருக்கு அதிக இடம் வேண்டும். வார்ப்பிரும்பு இடம் கொடுக்காது, வெடிக்கும். காலையில் பார்த்தால் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு விரிசல்.

லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புது பிளாக் கப்பலில் வர லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒரு வருஷம் ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பட்டறைக்கு வந்தது. எங்கள் என்றால் என்னுடையதும் சிகாபுதீனுடையதும்.

என் பெயர் நல்லசிவம், கழுகுமலைப் பக்கம். சண்டைக் காலத்தில் வில்லிங்டன் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். சிகாபுதீன் பாலக்காட்டு ராவுத்தர், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பதினோரு வருஷம் சேர்ந்து தொழில் செய்தோம். எனக்கு மலையாளம் அரைகுறையாகப் பேச வரும், படிக்க வராது. அதனால் வருகிறவர்களிடம் பேசுவது அவன். கை என்னுடையது, வாய் அவனுடையது. இதை ஒரு குறையாக நான் அப்போது நினைத்ததில்லை.

பிளாக்கை மேசையில் ஏற்றிப் பார்த்ததும் சிகாபுதீன் சொன்னான்: "அண்ணே, கேஸ் வெல்டிங் பிடிச்சா ரெண்டு நாள்ல தீரும். எந்துக்கு வெறுதே பாடு படணும்?"

"சூடு காட்டினா பக்கத்துல வெடிக்கும். இதைத் தைக்கணும்."

"இரும்பைத் தைக்கிறதா?" என்று சிரித்தான்.

தைக்கத்தான் செய்தேன். விரிசலின் இரண்டு முனையிலும் முதலில் துளை போட வேண்டும். அப்போதுதான் அது மேலே ஓடாது. பிறகு விரிசல் மேலேயே துளை போட்டு, மரை வெட்டி, செப்புத் திருகாணியை முறுக்கி, தலையை அறுத்து, தட்டி அடைக்க வேண்டும். அடுத்த துளை முந்தின திருகாணியை அரைவாசி தின்றபடி விழ வேண்டும். ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும். ஒரு மயிரிழை தப்பினால் முழுப் பிளாக்கும் போய்விடும். ஐம்பத்து மூன்று திருகாணி. நாற்பது நாள். அத்தனை நாளும் சிகாபுதீன் விளக்குப் பிடித்தான், எண்ணெய் விட்டான், இடையிடையே சாயா வாங்கி வந்தான். மத்தியானம் அவன் பெண்டாட்டி சுல்ஃபத் எனக்கும் சேர்த்து அரிசிமாவில் சுட்ட பத்திரியும் மீன்கறியும் கொடுத்தனுப்புவாள். நான் தனி ஆள்.

கடைசியில் உள்பக்கம் மண்ணெண்ணெய் பூசி, வெளிப்பக்கம் சாக்குக்கட்டியை இடித்த சாக்குப்பொடி தடவி, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எங்கேயாவது ஒரு நூல் விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து பொடி நனைந்துவிடும். பொடி வெள்ளையாகவே இருந்தது. சிகாபுதீன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எதையும் மறைக்கிற எண்ணமில்லை.

மார்ச் மாதக் கடைசியில் வண்டியை ஃபோர்ட் கொச்சியில் ஈப்பன் முதலாளி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அவருடைய சினேகிதர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கேமராவோடு பத்திரிகைக்காரர் ஒருவரும் நின்றார். முதலாளி வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சிகாபுதீனைக் கட்டிப்பிடித்தார்.

"சிகாபுதீனே, நீ ஆளு கொள்ளாமல்லோ. கோயம்புத்தூர்க்காரன் கைவிட்ட வேலையல்லே," என்று எல்லார் முன்னாலும் அவனை மெச்சினார்.

நான் போய் பானெட் பக்கத்தில் நின்றேன். படம் எடுக்கப் போகிறார்கள், அந்தப் பிளாக்குக்கு மேலே இருக்கிற பானெட்டில் கை வைத்து நிற்க எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

"தான் கொஞ்சம் அங்ஙோட்டு மாறி நில்லு. ஆ ஜாக்கியும் எடுத்தோ."

ஜாக்கியை எடுத்துக்கொண்டு மாறி நின்றேன். சிகாபுதீன், "சாரே, இது..." என்று ஆரம்பித்தான். அதற்குள் கேமரா விளக்கு மின்னியது. அவன் முடிக்கவில்லை. பதினோரு வருஷமாக எந்த முதலாளியாலும் அடைக்க முடியாத வாய் அது. அன்றைக்கு ஒரு மின்னலில் அடைத்துக்கொண்டது.

நான் கோபக்காரன் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் மரை கெடும். கை நடுங்குகிறவன் என் தொழிலுக்கு ஆகமாட்டான். எனக்கு அன்றும் நடுங்கவில்லை, அதற்குப் பிறகும் நடுங்கவில்லை.

திரும்பி வரும்போது சிகாபுதீன் சொன்னான்: "அண்ணே, அதை மனசுல வைக்காதீங்க. பெரிய ஆளுங்க அப்படித்தான். பத்திரிகைக்காரர்கிட்ட நான் எல்லாம் பறஞ்சிருக்கேன். உங்க பேரு வரும்."

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். படத்தில் கார், ஈப்பன், சிகாபுதீன். ஓரத்தில் என் முழங்கையும் ஜாக்கியின் பிடியும் தெரிந்தன. கீழே மலையாளத்தில் எழுதியிருந்தது. ஒரு வரியில் விரலை வைத்து, "இதா, இவிட இருக்கு உங்க பேரு," என்றான். எனக்கு எல்லா எழுத்தும் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரிந்தது. நான் நம்பவில்லை. படத்தில் இல்லாதவன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும்? படித்துச் சொல்ல மட்டாஞ்சேரி பஜாரில் ஆயிரம் பேர் உண்டு. நான் யாரிடமும் கேட்கவில்லை. என் பெயர் அதில் இருக்கிறதா என்று தாளை ஏந்திக்கொண்டு கடை கடையாக அலைகிற பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று "சிகாபுதீன் மேஸ்திரி உண்டோ?" என்று என்னிடம் கேட்டார்கள். உண்டு என்று சொல்லி அவனைக் கூப்பிட்டு விடுவேன்.

ஏப்ரலில் ஈப்பன் முதலாளிக்கு ஓர் ஆசை. எந்த மலையில் வண்டி உடைந்ததோ அதே மலைக்கு ஓட்டிப்போய் எஸ்டேட் சினேகிதர்களுக்குக் காட்ட வேண்டும். கூடச் சிகாபுதீனும் வர வேண்டும். நேரியமங்கலம் தாண்டி ஏற்றத்தில் ஸ்டியரிங்கை அவனிடமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சிகாபுதீன் குழந்தைபோல ஆகிவிட்டான். முந்தின நாள் மத்தியானம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"அண்ணே, ரெண்டு சீட்டுதானே, இல்லேன்னா உங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருப்பேன். நீங்க ஒருக்கா பார்த்துட்டா எனக்கு சமாதானம்."

பார்த்தேன். எண்ணெய், பிரேக், சக்கரம் எல்லாம் சரியாக இருந்தன. பிளாக்கில் மறுபடி மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும் போட்டுப் பார்த்தேன். காய்ந்த சுவர்போல இருந்தது.

நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு அவமானம் வந்தால் போதும் என்றால் ஒரு திருகாணியைத் தளர்த்தியிருக்கலாமே என்று. அதை நானும் யோசித்தேன். தண்ணீர் கசிந்து, என்ஜின் சூடேறி, பாதி வழியில் வண்டி நின்றிருக்கும். லாரியில் கட்டி இழுத்து வந்திருப்பார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. ஆனால் தையல் விட்டுப்போச்சு என்று ஊர் சொல்லும். நாற்பது நாள் வேலையை ஒரு சிரிப்புக்காக நானே கெடுக்க முடியுமா? மனம் ஒப்பவில்லை. அதனால் பிளாக்கைத் தொடவில்லை.

ஸ்டியரிங் கம்பி முன் சக்கரத்தோடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு உண்டு. மூட்டுக்கு ஒரு நட்டு, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்னப் பின். பின்னை உருவி, நட்டைக் கழற்றி, மூட்டுக்கு கிரீஸ் வைத்தேன். நட்டைத் திரும்ப விரலால் மட்டும் முறுக்கினேன். கழற்றிய பின்னைத் திரும்பப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பழையதை எறிந்துவிட்டுப் புதியது போடுவேன். அன்றைக்குப் பழையதை எறிந்தேன்.

மறுநாள் காலையில் புறப்பட்டுப் போனார்கள். மத்தியானம் சுல்ஃபத் வழக்கம்போல எனக்குச் சாப்பாடு அனுப்பியிருந்தாள். சாப்பிட்டேன். செய்தி சாயங்காலம் வந்தது. ஏற்றத்தில் நாலாவது வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய்விட்டது. முதலாளி வெளியே விழுந்து கால் ஒடிந்து பிழைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்திருந்த சிகாபுதீன் வண்டியோடு கீழே போய்விட்டான். அடக்கத்துக்கு அவன் மையத்தை நான்தான் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னைத் தேடவில்லை. ஆனால் வண்டியைப் பார்க்க வந்த மோட்டார் அதிகாரி என்ன எழுதினார்? பாறையில் மோதி பிளாக்கின் அடிப்பக்கம் உடைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, 'பழைய விரிசல் மீண்டும் பிளந்து, என்ஜின் சிதறி, வண்டி கட்டுமீறியது. பழுதுபார்த்த வேலை தரமற்றது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தரமற்றது. அந்த ஆள் குனிந்து பார்த்திருப்பாரா? கையால் தடவியாவது பார்த்திருப்பாரா? காலால் உதைத்துப் பார்த்திருப்பார். பஜாரில் எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். சிகாபுதீன் செய்த வேலை, சிகாபுதீனையே கொண்டுபோய்விட்டது என்று. ஒரு மாதம் பொறுத்தேன். பழியும் அவன் பெயரில்தான் போகிறது, உனக்கென்ன என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. ராத்திரி படுத்தால் 'தரமற்றது' என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சிகாபுதீனின் முகம்கூட அப்படி வரவில்லை.

நேற்று நான் மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும் எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். பின்கொல்லையில் கிடக்கிற வண்டியில், உங்கள் கண்முன்னால், தையல் போட்ட இடத்தில் பூசிக் காட்டினேன். ஒரு மணி நேரம் நீங்களும் கூடவே நின்றீர்கள். பொடி நனைந்ததா? அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஒரு திருகாணி அசைந்ததா? அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள், பிளாக் காரணமில்லை என்றால் வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று. நல்ல கேள்வி. அந்த அதிகாரி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சக்கரத்து மூட்டைப் பாருங்கள் என்றேன். பின் ஒடிந்திருந்தால் துண்டு உள்ளே இருக்கும். துளை சுத்தமாக இருக்கிறது. அதைச் சுத்தமாக வைத்தவன் நான்.

நீங்கள் அந்தப் பழைய பத்திரிகையை வரவழைத்து எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'இது முழுக்க நல்லசிவம் அண்ணனின் கைவேலை, நான் விளக்குப் பிடித்தவன் மட்டும்' என்று சிகாபுதீன் சொன்னதாக அதில் இருக்கிறது என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. எத்தனையாவது வரி என்று கேட்டேன். ஐந்தாவது என்றீர்கள். ஐந்தாவது வரி வரைக்கும் யார் சார் படிக்கிறார்கள்?

என்னைத் தூக்கில் போட்டாலும் சரி, ஜெயிலில் வைத்தாலும் சரி, நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. நட்டைத் தளர்த்தியது நான், பின் போடாமல் விட்டது நான், யார் ஓட்டப் போகிறார்கள் என்று தெரிந்தே செய்தேன். அந்த அதிகாரியின் காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள். இன்னொரு காரியம். சுல்ஃபத் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாளாம். உங்கள் ஆள் யாராவது போய், எங்கள் பட்டறை வேலையில் ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் சொல்லட்டும். பாவம், அதைக் கேட்டால் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.