ஏழு ஜன்னல்களுக்கு ஒரு விண்ணப்பம்

— முதல்ல கோட்டைக் கழற்றுங்க. வீடு கதகதன்னுதானே இருக்கு.

— அதைத்தான் கேக்கறேன், வத்சலா. எங்க லேப்ல கூட இவ்வளவு சூடு கிடையாது. இந்த ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ரெண்டு வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள எனக்கு வேர்த்ததே இல்லை. ஜன்னல்ல என்ன அது, உன் புடவையா?

— நூல் புடவைதான். நாலா மடிச்சு இடுக்கெல்லாம் சொருகியிருக்கேன். ரெண்டாவது ஜன்னல்ல இருக்கறது உங்க வேட்டி.

— என் வேட்டி அங்க என்ன பண்ணுது?

— காத்தைத் தடுக்குது. இன்னிக்கு மானியம் குடுக்கற ஆபீசர் வந்தாரில்ல, நம்ம வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹைன்லே அவரை நம்ம மாடிக்கும் கூட்டிட்டு வருவேன்னு சொல்லியிருந்தாங்க. விடிகாலை அஞ்சு மணிக்கே ரூமைச் சூடாக்கற எண்ணெய் அடுப்பைப் பத்த வச்சிட்டேன். வீட்டுக்கு வர்ற மனுஷரைப் பல் கிடுகிடுக்க உட்கார வைக்கறதா?

— ஐயோ வத்சலா.

— ஏன்? ஃபில்டர் காபி குடுத்தேன், ரெண்டு டம்ளர் குடிச்சாரு. கோட்டைக் கழற்றி மடியில வச்சுக்கிட்டாரு. அவ்வளவு நல்லா இருந்துது.

— அவர் விருந்துக்கு வரலம்மா. இந்த வீடு எவ்வளவு குளிருதுன்னு பார்க்க வந்தவர். பழைய வீடு, ஒத்தைக் கண்ணாடி ஜன்னல், சூடு நிக்கறதில்லைன்னு எழுதிக் குடுத்துத்தான் புது ஜன்னல் போட மானியம் கேட்டிருக்காங்க. பதினோரு பக்கம் கணக்கு போட்டது நான். அவர் கோட்டைக் கழற்றி உட்கார்ந்தார்னா, ‘வீடு சூடாக இருக்கிறது, மானியம் தேவையில்லை’ன்னு எழுதிட்டுப் போயிருப்பார்.

— எழுதினாருங்க. சின்ன நோட்டுல என்னவோ எழுதினாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டே எழுதினாரு.

— அப்புறம்?

— அப்புறம் அவரையும் ஃப்ராவ் ஹைன்லேயையும் பேச விட்டுட்டு நான் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள போயிட்டாரு. நிஜமா மானியம் வராதா?

— வரலேன்னா இந்த வீட்டை வித்துட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னாங்களே, மறந்துட்டியா? ஏழு ஜன்னலையும் சொந்தக் காசுல மாத்த அவங்களால முடியாது. இன்னொரு குளிர்காலம் இப்படியே தாங்கவும் முடியாது.

— வாடகைக்கு வீடு தேடினப்போ ஒன்பது வீட்டுல நம்ம பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தினாங்க. இவங்கதான் ‘உள்ளே வந்து ஷூவைக் கழற்றுங்கள்’னாங்க. அப்பேர்ப்பட்டவங்களுக்கா நான் இப்படிப் பண்ணினேன்? உலகச் சண்டையில குண்டு விழுந்து இந்த மாடியே இல்லாம போச்சாம். இடிபாட்டுல கிடந்த செங்கல்லை ஒவ்வொண்ணா எடுத்து, சுத்தியலால சாந்தைச் சுரண்டி, அவங்க கையாலயே அடுக்கிக் குடுத்தாங்களாம். ஒரு ஃபோட்டோ காட்டினாங்க. தலையில துணி கட்டிக்கிட்டு, நம்ம சித்தாள் மாதிரி நிக்கறாங்க. எனக்குப் பெரிய நாவல் படிக்கற மாதிரி இருந்துது.

— எனக்கும் அவங்களை நினைச்சா ஆச்சரியம்தான். அந்த ஃபாரத்துல எத்தனை கேள்வி தெரியுமா? ஒரு இடத்துலயும் அடிச்சு எழுதலை. எங்க ப்ரொஃபசர் கூட அப்படி எழுத மாட்டார்.

— கதவைத் தட்டறாங்க. அவங்கதான். நீங்களே பேசுங்க, எனக்கு ஜெர்மன் வாயிலயே வராது இப்போ.

— வணக்கம், டாக்டர் சந்திரமௌலி. உள்ளே வரலாமா?

— வாருங்கள், ஃப்ராவ் ஹைன்லே. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் மனைவி இன்று காலையில்...

— தெரியும். முதலாவது, மன்னிப்பு வேண்டாம். இரண்டாவது, உங்கள் மனைவி கடைக்குப் போனதும் அதிகாரியிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்தச் சூடு வீட்டுக்குச் சொந்தமானது அல்ல, இந்தப் பெண்ணின் விருந்தோம்பலுக்குச் சொந்தமானது என்றேன். அடுப்பை அணைத்தேன். துணிகளை எடுத்தேன். இருவரும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

— ஒரு மணி நேரமா?

— தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு. இருபத்துநான்கு டிகிரி பதினைந்தாக இறங்கியது. நடுவில் அவர் தும்மினார். பிறகு அடுப்பை மூட்டி, துணிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உங்கள் மனைவியின் மனம் நோகக் கூடாது அல்லவா?

— என்னங்க சொல்றாங்க? திட்டறாங்களா?

— திட்டலம்மா. உன்னாலதான் நல்லதாப் போச்சு. சூடான ரூம் ஒரு மணி நேரத்துல ஒன்பது டிகிரி இறங்கிடுச்சு. அதுதான் சரியான ப்ரூஃப். என் பதினோரு பக்கமும் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை.

— அவங்களை உட்காரச் சொல்லுங்க. காபி போடறேன்.

— நன்றி, காபியைப் பிறகு குடிக்கிறேன். டாக்டர், மானியம் கிடைக்கும் என்றுதான் அதிகாரி சொன்னார். இது கடைசித் தாள், நாளைக்குத் தபாலில் போக வேண்டும். நான் கையெழுத்துப் போடுமுன் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

— கட்டிய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. சரி. ஜன்னல்கள் ஏழு. சரி. வசிப்பவர்கள் நான்கு. இங்கே ஒரு பிழை இருக்கிறது, ஃப்ராவ் ஹைன்லே. நீங்கள் ஒருவர், நாங்கள் இருவர். மூன்று என்று வர வேண்டும்.

— பிழை இல்லை. ஜூலையில் வருகிறவரையும் சேர்த்து எழுதலாமா என்று அதிகாரியிடமே கேட்டேன். எழுதலாம் என்றார்.

— வத்சலா, ஜூலையில யாரும்மா வர்றாங்க? உங்க அண்ணன் கிளம்பி வர்றேன்னு எழுதியிருக்காரா? ஃபாரத்துல ஏத்தற வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?

— அண்ணன் இல்லைங்க. செவ்வாய்க்கிழமை இவங்கதான் என்னை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வரப்போறது உங்க பிள்ளை.