அடுத்த பக்கத்தின் முதல் வரி

செய்முறைத் தாள்களை யாரும் விரும்பிப் படிப்பதில்லை, ஐயா. அவற்றை எழுதுவதுதான் என் வேலை. எங்கள் டப்பா உணவுத் தொழிற்சாலையில் அவற்றை ஒழுங்காகப் படித்தவர் ஒருவர்தான், என் அக்காவின் கணவர். டப்பாக்களை வேகவைக்கும் நீராவிக் கலன் அவர் பொறுப்பில் இருந்தது.

அத்தான் படிக்கும் விதம் தனி. வரியின் மேல் விரலை வைப்பார். அதைச் செய்வார். பிறகுதான் விரல் அடுத்த வரிக்கு இறங்கும்.

"முன்னாடியே படிச்சா குழம்பிடும் மாப்ள. நீ சொல்லு, நான் செய்றேன்" என்பார்.

பொறியாளர்கள் நாற்காலியில் சாய்ந்து, முழுத் தாளையும் ஒரே மூச்சில் படித்து, தகவல் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவார்கள்.

ஒருமுறை வால்வைத் திருப்பும் திசையை மாற்றி எழுதிவிட்டேன். அத்தான் தாளோடு உணவறைக்கு வந்தார். எல்லோர் முன்னாலும், "இடம் வலம் தெரியாதவன் கையில பேனாவைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். அன்றிலிருந்து என் பெயர் இடம்வலம். மேலாளரே அப்படித்தான் கூப்பிட்டார். வீட்டில் அக்காவும், "டேய் இடம்வலம், சாப்பிட வாடா" என்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு அத்தான்மேல் கோபம் எதுவும் இல்லை.

பிறகு புதிய கலன் வந்தது. பழையதில் மணி அடித்தால் நீராவி தானாக வெளியேறிவிட்டது என்று பொருள். புதியதில் மணி அடித்தால் நேரம் முடிந்தது, அவ்வளவுதான். நீராவியை நாமே வெளியேற்ற வேண்டும். அதை அவருக்குச் சொல்ல இருந்த ஒரே இடம் என் தாள்.

சொன்னேன். "மணி அடித்ததும் மூடியின் திருகுகளைத் தளர்த்தவும்" என்று ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் முதல் வரி: "தளர்த்தும் முன் நீராவி முழுவதும் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும்." ஒரு சொல்கூடத் தவறில்லை. கையெழுத்தும் ஆனது.

புதிய கலனை முதலில் இயக்கிய அன்று, அத்தான் மாலைவரை உயிரோடு இருந்தார்.

தாள் சரி, இயக்கியவரின் கவனக்குறைவு என்று விசாரணைக் குழு முடித்தது. அக்கா என்னிடம் கேட்டாள்: "நீ எழுதுனதை அவரு மீறவே மாட்டாரேடா. அன்னிக்கு மட்டும் எப்படி?"

"அவசரப்பட்டுட்டாரு போலக்கா" என்றேன்.

இப்போது அவள் அவர் படத்தின் முன் உட்கார்ந்து, "அப்படி என்னய்யா அவசரம் உனக்கு?" என்று திட்டுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை. அதனால்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. விரல் இருந்த வரியைச் செய்தார். முதல் வரைவில் எச்சரிக்கை உரிய இடத்தில்தான் இருந்தது. அவர் விரலை நினைத்துக்கொண்டே அதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன். கை சுட்டு அலறுவார், உணவறை இந்தமுறை அவரைப் பார்த்துச் சிரிக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பக்கத்தின் இரண்டாம் வரியும் நான் எழுதியதுதான், ஐயா: "தவறினால் மூடி தெறித்து, எதிரில் நிற்பவர் உயிரிழப்பார்."