அழுகிற வெத்திலைத் தட்டம்

மரத்தில பிழையெண்டு எப்பிடி அண்ணை சொல்லலாம்? நல்ல முதிரை, என்ர கையாலேயே பாத்தெடுத்த துண்டு! ஆனா நான்தான் சொன்னனான், மரத்திலதான் பிழையெண்டு. ஆருக்கோ? சம்பந்தி வீட்டுக்கு. நிலாவெளியில. இப்ப அங்கதான் போறன். நீங்கள்...? ஓ, இறக்கண்டி. அப்ப நல்லது, எனக்குப் பிறகுதான் இறங்குவியள். கதைச்சுக்கொண்டு போகலாம். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கோ, தூத்தலடிக்குது. இந்த மழைதான் அண்ணை என்ர குடியைக் கெடுத்தது.

நான் கடைசல் வேலை. துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கொட்டில், ஒரு லேத் மெஷின். கனகசிங்கத்தின்ர கடைசல் எண்டா தெரியும்... தெரியாதோ? பறவாயில்லை. கட்டில் காலும் தொட்டில் காலும் கடைஞ்ச மனிசன், பேசாமல் அதையே கடைஞ்சிருக்கலாம்! போனில வீடியோ பாத்துக் கெட்டன். மரத்தட்டில வட்டமா ஒரு பள்ளம் வெட்டி, கல்லை இடிச்சு அதுக்குள்ள நிரப்பி, மேல சுப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டா விடுறது. இறுகினாப் பிறகு திரும்பக் கடைஞ்சு மினுக்கினா... அண்ணை, நவரத்தினம் பதிச்ச மாதிரி இருக்கும். முதல் நாளே என்ர ரெண்டு விரலும் ஒட்டிப்போச்சு. மகள்தான் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால தேய்ச்சு எடுத்தவள். மனிசி யோகமலர் பாத்துக்கொண்டு நிண்டு, "மிச்சத்தை வாயில விடுங்கோவன்" எண்டா. அப்ப கோவம் வந்தது. விட்டிருந்தா இண்டைக்கு இந்த பஸ்ஸில ஏறியிருக்க மாட்டன்.

என்ன சொல்ல வந்தனான்...? ஓம், தட்டம். ஆவணியில மகளுக்கு நிச்சயம். சுதர்சிகா. ஒரே பிள்ளை. மாப்பிள்ளை சிந்துஜன், தங்கமான பெடியன், ஒரு குறையும் சொல்ல ஏலாது. வெத்திலை மாத்திற தட்டத்தை என்ர கையால கடைஞ்சன். விளிம்பில ரோசா நிறத்தில ஒரு வளையம். சபையில எல்லாரும் அதைத்தான் பாத்தவை, மாப்பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லை! சம்பந்தியம்மா தடவித் தடவிப் பாத்திட்டு, "இதென்ன கல்லு?" எண்டு கேட்டா. முப்பது பேர் நிக்கினம். என்ர நாக்கு சும்மா கிடக்குமே? "கோணேசர் மலையடியில, கடலுக்குள்ள இருந்து எடுத்தது" எண்டு போட்டன்.

சம்பந்தியம்மா உடன தட்டத்தைக் கண்ணில ஒத்தி, தங்கட வீட்டுச் சாமியறையில கொண்டுபோய் வைச்சிட்டா. எனக்குப் பெருமையெண்டா பெருமை.

ஐப்பசி மழை துவங்கிச்சு. ஒரு நாள் விடிய விளக்கு வைக்கப் போனா, வளையம் முழுக்க முத்து முத்தாத் தண்ணி. துடைச்சாவாம். அடுத்த நாளும் தண்ணி. பிறகு தட்டத்துக்குக் கீழ ஒரு சின்னக் குளம். தட்டம் கண்ணீர் விட்டு அழுகுதாம் அண்ணை! சாமியின்ர மலையில கல்லெடுத்தது குற்றமாம். அந்தக் குற்றத்தோட பொம்பிளை வந்தா மகனுக்கு ஆகாதாம். தை மாசக் கலியாணம், அப்பிடியே நிண்டுபோச்சு.

நான் சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தன். முதல் தரம், முதிரை பச்சையில பால் விடும் எண்டன். அந்த மரத்துக்கே சிரிப்பு வந்திருக்கும். ரெண்டாந்தரம், க்ளூ பழசெண்டு கடைக்காரனை ஏசினன், பாவம் அவன். பிறகு, கடல் காத்து எண்டன். ஒண்டையும் அவ நம்பேல்லை.

இந்தாங்கோ, இந்தக் கடதாசிச் சரையைப் பிரிச்சு ஒரு துண்டை நாக்கில வைச்சுப் பாருங்கோ. நஞ்சில்லை, சும்மா வையுங்கோ...

ஓம்! உப்புத்தான்! இந்துப்பு!

கொழும்பில சொல்லிவைச்ச கல்லு வந்து சேரேல்லை அண்ணை. அடுத்த நாள் நிச்சயம். குசினி அலுமாரியைத் திறந்தா, மனிசி பிரஷருக்கெண்டு வாங்கின உப்பு, போத்தலுக்குள்ள ரோசாக் கல்லு மாதிரி மினுங்குது. எடுத்து இடிச்சன். கல்லெண்டா கை வலிக்கோணும், இது மாவாப் போச்சு. அதிலயாவது புத்தி வந்திருக்கோணும். க்ளூ பட்டவுடன இறுகிச்சு, மினுக்கினவுடன நானே உப்பெண்டதை மறந்திட்டன். போத்தல் எங்கயெண்டு மனிசி தேடினா. எறும்பு கொண்டுபோயிருக்கும் எண்டன். உப்பை! எறும்பு!

சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தநாள் வரைக்கும். முந்தநாள் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, "என்ர ராசிதான் சரியில்லை அப்பா" எண்டாள். எண்டிட்டு எனக்கே ஆறுதல் சொன்னாள் அண்ணை... "நீங்கள் பாடுபட்டுச் செய்த தட்டம், நீங்கள் கவலைப்படாதேங்கோ" எண்டு. அந்த இடத்தில சொல்லியிருக்கோணும். வாய் வரேல்லை. பொய்யெண்டா முந்திக்கொண்டு வாற வாய்.

போன செவ்வாயும் இதே பஸ்தான். நிலாவெளியில இறங்கேல்லை. அங்கால குச்சவெளி வரைக்கும் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத் திரும்பினனான். வெள்ளியும் அப்பிடித்தான். அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரன் இப்ப என்னைக் கண்டா கதிரை இழுத்துப் போடுறான்.

இண்டைக்குச் சொல்லத்தான் போறன். "சம்பந்தியம்மா, மலைக் கல்லுமில்லை, குற்றமுமில்லை, என்ர மனிசியின்ர உப்பு." இவ்வளவுதானே? என்னை விசரன் எண்டு சொல்லட்டும், பொய்யன் எண்டு சொல்லட்டும், பிள்ளையில குற்றம் சொல்லாட்டிச் சரி.

அண்ணை... ஒண்டு கேக்கிறன். இப்பிடிச் சொன்னா என்ன? கொழும்பில கல்லு வித்தவன் உப்பைக் கலந்து ஏமாத்திப்போட்டான் எண்டு? நானும் ஏமாந்த ஆள்தானே, பாவம் எண்டு...

ஐயோ, பாத்தியளே! தம்பி! கொண்டக்டர் தம்பி! நிப்பாட்டு, நிப்பாட்டு! பஸ் ஹோல்ட் இன்னும் தள்ளியெண்டா பறவாயில்லை, மழையில நடக்கிறன். இன்னும் கொஞ்சம் இருந்தனெண்டா, அந்தப் பொய்யை நானே நம்பிடுவன்!